துவாந்தேவுக்கு ஒரு கிண்ணம்

எங்கள் தெருவுக்கு வருஷத்தில் இரண்டு சுதந்திர தினம். ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது. ஆகஸ்ட் மாதம் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார்கள். இன்னொன்று ஜனவரி நாலாம் தேதி, பர்மாவின் சுதந்திர தினம். அன்றைக்குக் கொடியும் கிடையாது, மிட்டாயும் கிடையாது. ஏரிக்கரையில் ஒரு பெரிய அண்டா ஏறும். அதில் மீன்குழம்பு மாதிரி ஒன்று கொதிக்கும். காற்று ஊர்ப்பக்கம் அடித்தால் உத்திரமேரூரில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

நான் பர்மாக்காரி இல்லை, பெருநகர்க்காரி. செய்யாற்றுப் பக்கம் நெல்லும் கரும்பும் வைத்த குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் பர்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பர்மா தேக்கு ஒன்றுதான். எங்கள் வீட்டு வாசற்கதவு பர்மா தேக்கு என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். பிற்பாடு தச்சர் ஒருவர் தட்டிப் பார்த்து அது வேம்பு என்று சொல்லிவிட்டார். அப்பா அந்தத் தச்சரை மறுபடி வீட்டுக்குக் கூப்பிடவே இல்லை.

நான் வாழ வந்த தெருவில் அப்போது பதினொரு வீடுகள். இவர்களுடைய முன்னோர்கள் மாகறல் பக்கமிருந்து கப்பலேறிப் போய் அந்த நாட்டுச் சேற்றில் நெல் நட்டவர்கள். அறுபதுகளில் அங்கே ஆட்சி மாறி, கடையும் நிலமும் கைவிட்டுப் போய், உடுத்திய துணியோடு கப்பலில் திரும்பி வந்தார்கள். மாகறலில் இவர்களுக்காக யாரும் காணியை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. முகாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, ஏரிக்குப் பின்னால் கிடைத்த மனையில் குடியேறினார்கள். அங்கே இருந்தவரைக்கும் 'இந்தியாக்காரன்' என்றார்களாம். இங்கே வந்ததும் 'பர்மாக்காரன்' ஆகிவிட்டார்கள்.

என் மாமியார் பிறந்தது துவாந்தே என்ற ஊரில். ரங்கூனுக்குப் பக்கம், கால்வாய்க் கரை, மண்பானைக்குப் பேர்போன ஊர். அந்த நாடு விடுதலையான அன்றைக்கு அவருக்கு நாலு வயது. ஜோசியக்காரர்கள் குறித்துக் கொடுத்த நேரம் என்று விடிவதற்கு முன்பே எல்லாரையும் எழுப்பிவிட்டார்களாம். அவருடைய நைனா அவரைத் தோளில் உட்காரவைத்துக் கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். "எனக்குக் கொடியெல்லாம் நாபகம் இல்ல. நைனா தலையில தேங்கா எண்ண வாசன, அதான் நாபகம் கீது" என்பார். எத்தனை தடவை சொன்னாலும் அந்த எண்ணெய் வாசனையில்தான் கதை முடியும்.

இப்போது அந்த நாலாம் தேதி வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சமையல் ஒரு வருஷத்துக்கு ஒரு வீட்டு முறை. மொகிங்கா என்று பேர். ஏரி விராலும் கெளுத்தியும் வேகவைத்து முள்ளெடுத்து, வாழைத்தண்டு போட்டு, வறுத்த மாவு கரைத்துவிட்டுக் கொதிக்கவைக்கிற குழம்பு. அங்கே அரிசி சேமியாவில் ஊற்றிச் சாப்பிடுவார்களாம், இங்கே இடியாப்பம். வாசனைக்கு நாப்பி போட வேண்டும். நாப்பி என்பது மீனையும் பொடி இறாலையும் உப்புப் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்த விழுது. பெருங்காயத்துக்கு அண்ணன், சாக்கடைக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமைத்து இறக்கியதும் சிரியத்துப் பெரியவர் எழுந்து நிற்பார். சிரியம் அவர் பிறந்த ஊர். தெருவில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவர் ஒவ்வொரு ஊராகக் குரல் கொடுப்பார். "பெகு!" என்பார். பெகுவிலிருந்து வந்த வீட்டில் ஒருவர் "கீறோம்!", அதாவது இருக்கிறோம், என்று பதில் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த ஊர் பேருக்கு முதல் கிண்ணம் ஊற்றி நடுவில் வைப்பார்கள். அப்புறம் அடுத்த ஊர். முகாமில் அரிசி கொடுத்தபோது இப்படித்தான் ஊர் ஊராகக் கூப்பிட்டார்களாம். அன்றைக்கு அரிசிக்குச் சொன்ன பதிலை இன்றைக்கும் விடவில்லை.

இதில் இரண்டு கட்டுப்பாடு. ஒரு வாய்க்கு ஒரு ஊர்தான், இரண்டு ஊருக்கு ஒருவர் பதில் சொல்லக்கூடாது. மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராத ஊரை அடுத்த வருஷத்திலிருந்து கூப்பிடமாட்டார்கள். அவ்வளவுதான், அந்த ஊர் போயிற்று.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். அந்த மார்கழியில் வந்த நாலாம் தேதி எங்கள் வீட்டு முறை. பதினொரு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற முறை என்று எனக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. மார்கழி என்றால் எனக்குத் தெரிந்தது வாசலில் கோலம், பூசணிப்பூ, மாலை போட்டவர்கள். பக்கத்துத் தெருவில் பாதிப் பேர் கறுப்பு வேட்டி, மீதிப் பேர் சிவப்புச் சேலை. இந்த மாதத்தில் கவுச்சியா என்று நான் முணுமுணுத்தபோது, "அதுக்குத்தான் ஏரிக்கரையில ஆக்குறோம், தெருவுல ஆக்கல" என்றார் மாமியார்.

ஒன்றாம் தேதி வாக்கில் போகிக்கு முன்னதாகவே வீட்டை ஒழித்துப் புது மருமகள் கெட்டிக்காரி என்று பேர் வாங்க நினைத்தேன். மாமியார் கடைக்குப் போயிருந்தார். பரணில் ஒரு ஜாடி, வாயில் மூன்று சுற்றுத் துணி. அவிழ்த்தேன். என் ஆயுசில் அப்படி ஒரு நாற்றத்தை நான் மோந்ததில்லை. ஊறுகாய் கெட்டுப் புழுத்துவிட்டது, பாவம், வயதானவர் கவனிக்கவில்லை என்று நினைத்து, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, எருக்குழியில் கொட்டி, மேலே இரண்டு கூடை சாம்பலையும் போட்டேன். ஜாடியைச் சீயக்காய் போட்டு மூன்று தடவை கழுவி வெயிலில் கவிழ்த்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

என்னைக் காட்டிக்கொடுத்தது நாய்கள். மாமியார் திரும்பி வரும்போது தெருநாய்கள் மொத்தமும் எங்கள் எருக்குழியில் மாநாடு போட்டிருந்தன. அவர் நாய்களைப் பார்த்தார், கவிழ்த்த ஜாடியைப் பார்த்தார், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லையில கீற மோரேலர்ந்து ஒருத்தி கொணாந்து குடுத்தாம்மா. ரெண்டு வருசமா கேட்டுக் கேட்டு வாங்கினது."

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். அவர் திட்டவில்லை. எனக்கோ வாய் நீளம். தப்பு என் பக்கம் என்றால் குரல் இன்னும் ஏறும். "அழுகிப்போன மீன எவ வூட்லயாச்சும் பரண்மேல வெச்சிப் பூஜ பண்ணுவாங்களா அத்தே?" என்று கேட்டுவிட்டு, மஞ்சள் பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு பெருநகர் பஸ் ஏறிவிட்டேன். ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்க ரொம்ப நேரம் தயங்கினார்.

அம்மா முழுக்கதையையும் கேட்டாள். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன்.

"அவங்க வூட்டுப் பொருளத் தூக்கி வெளிய போட நீ யாருடி? நம்ம வூட்டுக் கருவாட்டுப் பானைய எவளாச்சும் கொட்டினா நான் சும்மா வுடுவனா? எழுந்திரு, கெளம்பு."

நாஷ்டா கூடக் கொடுக்காமல் துரத்தினாள் என்று பிற்பாடு பல வருஷம் அம்மாவிடம் சண்டை போட்டேன். ஆனால் வெறுங்கையோடு துரத்தவில்லை. சென்னாகூனி என்கிற பொடி இறால் கருவாடு, படியால் இரண்டு படி, உப்பும் மிளகாயும் வைத்து உரலில் இடித்து உருட்டிக் கொடுத்தாள். "நாத்தந்தானே வோணும்? இதுலயும் கீது, எத்துக்கினு போ" என்றாள்.

நாலாம் தேதி அந்த உருண்டையை வைத்துத்தான் மாமியார் மொகிங்கா வைத்தார். என்னைத்தான் துழாவச் சொன்னார். தெரு மொத்தமும் ஏரிக்கரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. ஒரு வாய் வைத்தால் போதும், நாப்பி இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். பதினொரு வருஷத்துக்கு ஒரு தடவை வந்த முறையை மருமகள் கெடுத்தாள் என்று ஆகிவிடும். ஊர் ஊராகக் கூப்பிட்டு முடித்தார்கள். துவாந்தே என்றதும் மாமியார் கணீரென்று "கீறோம்" என்றார். சிரியத்துப் பெரியவர் உட்கார்ந்து, ஒரு வாய் குடித்து, நிமிர்ந்தார்.

"இதுல நாப்பி இல்ல."

"இல்லதான்" என்றார் மாமியார். "எம்மருமவ வூட்லர்ந்து கூனி கருவாடு கொணாந்துகீது. நல்லா இல்லன்னா சொல்லு, எனக்கே ஊத்திக்கிறேன்."

அவர் இன்னொரு வாய் குடித்தார். "எந்த ஊரும்மா நீ?" என்று என்னைக் கேட்டார்.

"பெருநகரு."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, வயிற்றிலிருந்து குரல் எடுத்து, ரங்கூன் துறைமுகத்துக்கே கேட்கிற மாதிரி, "பெருநகர்!" என்று கூப்பிட்டார். தெரு சிரித்தது. மாமியார் என் முழங்கையில் இடித்து, "சொல்லு பொண்ணே" என்றார்.

"கீறோம்" என்றேன். பெருநகருக்கு ஒரு கிண்ணம் ஊற்றி நடுவில் வைத்தார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் எல்லா ஊரும் முடிந்து கடைசியில் பெருநகர் வரும். முதல் சில வருஷம் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை மறந்து, அதுவும் ஒரு பர்மா ஊர் மாதிரி ஆகிவிட்டது. செய்யாற்றுக்கு இந்தப் பக்கம் கிடக்கிற என் ஊர், பெகுவோடும் சிரியத்தோடும் ஒரே வரிசையில் நின்றதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். அம்மா கடைசிவரை நம்பவில்லை.

இந்த வரிசையில் ஒருபோதும் நிற்காதவர் என் வீட்டுக்காரர். அவர் பிறந்தது உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில். பள்ளிக்கூடத்தில் 'பாம்பு தின்னி' என்று கூப்பிட்டு ஓட ஓட விரட்டியிருக்கிறார்கள். நாலாம் தேதி வந்தால் நாற்காலி தூக்கிப் போடுவார், தண்ணீர் கேன் இறக்குவார், விறகு பிளப்பார். ஊர் கூப்பிடுகிற நேரத்துக்குச் சரியாக ஏதாவது ஒரு வேலை அவருக்கு ஏரியின் அந்தப் பக்கத்தில் இருக்கும். மொகிங்காவும் தொடமாட்டார், எங்கள் வீட்டு இட்லிதான். "தொரத்தி வுட்டவன் நாட்டுக்கு இன்னா பண்டிக வேண்டிக்கெடக்குது?" என்பார். மாமியாரிடம் நானே ஒரு தடவை அதைக் கேட்டேன். "தொரத்தினவன் வேற, ஊரு வேற. நைனாவ நான் அந்த மண்ணுலதான் வெச்சிட்டு வந்துகீறேன்" என்றார்.

வீடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பட்டறையில் வேலை கிடைத்து அம்பத்தூர் போனார்கள், பிள்ளைகளோடு பெங்களூர் போனார்கள், கண்ணை மூடினார்கள். ஒரு வருஷம் மோல்மேன் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. மோல்மேன்காரர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போன மார்கழி அது. தெரிந்தும் பெரியவர் மூன்று தடவை கூப்பிட்டார். இரண்டாவது தடவை ஏரியில் ஒரு கொக்கு எழும்பிப் பறந்தது, வேறு சத்தமே இல்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் மகனைக் கேட்டார். "எனக்கப்புறம் நீ சொல்லுவியாடா?"

"இன்னும் நீ கீறியேம்மா. இன்னா இப்ப அவசரம்?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷமும் மாமியார் கேட்டார். அதற்கடுத்த வருஷமும். ஒருநாள்கூட வீட்டுக்காரர் சரி என்று சொல்லவில்லை. எனக்கு அந்த மனுஷன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். கட்டிய புருஷன் என்றும் பார்க்காமல் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

"நான் சொல்றேன் அத்தே" என்றேன் ஒரு சமயம். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நீ துவாந்தே சொன்னா, பெருநகரு யாரு சொல்லுவா? ஒரு வாய்க்கு ஒரு ஊருதான்."

"பெருநகரு எங்கயும் போவாது. பஸ்சு ஏறினா அர மணி நேரம்."

"போவாதுதான். ஆனா வரிசையிலர்ந்து போயிடுமே" என்றார். தான் பிறந்த ஊருக்கு எவ்வளவு கவலைப்பட்டாரோ, அவ்வளவு என் ஊருக்கும் கவலைப்பட்டார்.

போன ஐப்பசி அடைமழையில் மாமியார் போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஏரி நிரம்பிக் கலங்கல் போன வாரம் அது.

இப்போது தெருவில் ஐந்தே வீடுகள். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை முறை வந்துவிடுகிறது. இந்த ஜனவரி எங்கள் முறை. சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீடு, வேண்டாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வீட்டுக்காரர் போய் விறகு வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். நாப்பி இப்போது கூரியரில் வருகிறது, பிளாஸ்டிக் டப்பாவில், மூன்று கவர் சுற்றி. கொண்டுவந்தவர் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு, "இன்னாக்கா இது, ஏதாச்சும் செத்துப் போச்சா உள்ள?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நாப்பியையும் போட்டேன், சென்னாகூனியும் ஒரு பிடி இடித்துப் போட்டேன்.

எங்கள் ஒரே மகளுக்கு வர முடியவில்லை. பெங்களூரில் வேலை. பர்மா சுதந்திர தினம் என்று எந்த மேனேஜரிடம் போய் லீவு கேட்பது? ஆகவே துவாந்தே சொல்ல நான் ஒருத்திதான். முந்தின நாளே முடிவு செய்துவிட்டேன். பெருநகரை விட்டுவிடுவது. மனசுக்குள் அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்வாள்.

அன்றைக்கு வெயில் இதமாக இருந்தது. அண்டாவை இறக்கினோம். சிரியத்துப் பெரியவரால் இப்போது எழுந்து நிற்க முடியாது, நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் கூப்பிடுகிறார். குரல் மட்டும் போகவில்லை. பெகு சொன்னார்கள். தட்டோன் சொன்னார்கள். சிரியத்துக்கு அவரே கூப்பிட்டு அவரே பதில் சொல்லிக்கொண்டார்.

"துவாந்தே!"

நான் வாயைத் திறந்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாக என் பக்கத்திலிருந்து வந்த குரல் இந்தத் தடவை வரவில்லை என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து விறகு, மீன், இடியாப்பம் என்று ஓடியதில் அவர் இல்லாததை நான் மறந்தே போயிருந்தேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"துவாந்தே!"

இரண்டாவது தடவை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். சொல்லடி, சொல்லித் தொலையேன் என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். நாள் பூராவும் ஓயாத என் வாய், வேண்டிய நேரத்துக்கு ஒட்டிக்கொண்டது. பெரியவர் கொஞ்சம் காத்திருந்தார். மோல்மேனுக்குக் காத்திருந்த அதே மாதிரி.

"துவாந்தே..."

"கீறோம்."

பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். என் வீட்டுக்காரர் இரண்டு கையிலும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியோடு நின்றார். நாற்காலியைக் கீழே வைக்கக்கூட இல்லை. கணீரென்று அவர் அம்மா சொன்ன மாதிரியே சொன்னார்.

நான் கிண்ணத்தில் ஊற்றி நடுவில் வைத்தேன். பாதி பாயில் சிந்தியது. பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தினி வருசமா எங்கடா போயிருந்தே? உங்கம்மா கேட்டுக்கேட்டு ஓஞ்சி போச்சே. உசுரோட கீறப்ப ஒரு வாட்டி சொல்லியிருந்தா இன்னா?"

அவர் நாற்காலிகளை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் சொல்றேன்னு சொல்லிட்டா, அம்மா நிம்மதியா போய்ச் சேர்ந்துடும் மாமா. சொல்ல ஆள் இல்லன்னாத்தான் அடுத்த வருசமும் இருக்கணும்னு கெடக்கும். அதான் சொல்லல."

இந்த ஆளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி, இதற்காக எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அவர் வந்து என் பக்கத்தில், மாமியார் உட்காருகிற இடத்தில், பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்று என்று கையை நீட்டினார். ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசி ஊரைக் கூப்பிட்டார்.

"பெருநகர்!"

அழுகையில் எனக்குச் சட்டென்று வரவில்லை. "பெருநகர்!" என்றார் மறுபடி. வீட்டுக்காரர் என் முழங்கையில் இடித்தார்.

"கீறோம்" என்றேன்.